110 பக்க டெக்ஸ் சட்டென்று முடிகிறது, 46 பக்க இரத்தப் படலம் ஏன் முடியவில்லை?

3 பிப்ரவரி, இரவு 9.50 (கேள்வி)

டெக்ஸ் வில்லர் (இத்தாலியக் கௌபாய் காமிக்ஸ்) ஒரு இதழ் 110 பக்கம். எடுத்தால் முடித்துவிட்டுத்தான் கீழே வைக்கிறேன். இரத்தப் படலம் (‘XIII’ தொடரின் தமிழ்ப் பதிப்பு) ஒரு பாகம் 46 பக்கம்தான், ஆனால் அதைவிட நேரம் பிடிக்கிறது, நடுவில் இரண்டு பக்கம் பின்னால் போய்ப் பார்க்கவும் வேண்டியிருக்கிறது. டெக்ஸில் பக்கத்துக்குப் படம் குறைவு, அதனால்தான் வேகம் என்கிறேன். சரிதானே நண்பர்களே?

3 பிப்ரவரி, இரவு 11.20

பக்கத்தை விடுங்கள், கட்டத்தை (பக்கத்திலுள்ள ஒவ்வொரு படச் சட்டத்தையும்) எண்ணுங்கள். டெக்ஸை வெளியிடும் போனெல்லியின் பக்கம் 16க்கு 21 செ.மீ., மூன்று வரிசை, வரிசைக்கு இரண்டு கட்டம். அங்கங்கே ஒரு வரிசை முழுக்க ஒரே நீளக் கட்டம் வரும். சராசரி ஐந்தரை என்று வைத்தாலும் 110 பக்கத்துக்கு 600 கட்டம். இரத்தப் படலத்தின் ஓவியர் வில்லியம் வான்ஸ் பக்கத்தில் நான்கு வரிசை, எட்டிலிருந்து பதினொன்று கட்டம். 46 பக்கத்துக்கு 400, 450 வரும். ஆக டெக்ஸில்தான் படம் அதிகம். அதிகப் படத்தைக் குறைந்த நேரத்தில் தாண்டுகிறீர்கள் என்றால், ஒரு கட்டத்துக்கு ஆகும் நேரம் அங்கே ரொம்பக் குறைவு என்று அர்த்தம்.

ஒரு கட்டத்தில் நேரம் போவது மூன்று வேலைக்கு. எழுத்தை வாசிக்கிறோம். படத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று தேடுகிறோம். முந்தைய கட்டத்துக்கும் இதற்கும் நடுவில் என்ன நடந்தது என்று மனதில் இட்டு நிரப்புகிறோம். இரத்தப் படலம் இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் கேட்கிறது. டெக்ஸ் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் கேட்கும்.

4 பிப்ரவரி, காலை 7.05

மூன்றாவது வேலையிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் உங்களைப் பின்னால் புரட்ட வைப்பது.

கட்டத்திலிருந்து கட்டத்துக்குத் தாவுவதை காமிக்ஸ் பற்றியே காமிக்ஸாக எழுதிய ஸ்காட் மெக்லவுட் 1993இல் ஆறு வகையாகப் பிரித்தார். நமக்கு இங்கே மூன்று போதும். அதே ஆள் அடுத்த அசைவு செய்வது (துப்பாக்கியில் கை, துப்பாக்கி வெளியே, சுடுகிறார்). அதே இடத்தில் வேறு ஆளுக்கோ பொருளுக்கோ போவது. இடமும் காலமும் மாறிப்போவது. டெக்ஸில் பெரும்பாலும் முதல் வகை. ஒரு கணவாய்ச் சண்டை எட்டுப் பத்துப் பக்கம் ஓடும். பாறை எங்கே, குதிரை எங்கே, எதிரி எந்தப் பக்கம் என்று முதல் இரண்டு கட்டத்திலேயே காட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் நிரப்ப ஒன்றுமில்லை, கண் வழுக்கிக்கொண்டே போகும்.

இரத்தப் படலத்தை ழான் வான் ஹாம் எழுதும்போது இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒருமுறை இடம் மாறும். புது அலுவலகம், புது ராணுவ அதிகாரி, புதுப் பெயர். மாறும் இடத்தில் கதைசொல்லியின் சிறு பெட்டி மட்டும் இருக்கும். அந்தப் பெட்டியை வாசிக்காமல் தாண்டினால் அடுத்த நான்கு கட்டம் குழம்பும். இது குறை இல்லை. நினைவை இழந்தவனின் கதையில் வாசகனும் கொஞ்சம் தடுமாற வேண்டும். ஆனால் அந்தத் தடுமாற்றத்துக்கு நேரம் செலவாகும்.

4 பிப்ரவரி, மதியம் 1.30 (இன்னொரு நண்பர்)

அப்படியானால் கோடுகள் குறைவாக இருந்தால் வேகம், நிறைய இருந்தால் மெதுவு. இவ்வளவுதானே?

4 பிப்ரவரி, இரவு 10.10

இல்லை. டின்டின்னை எடுத்துப் பாருங்கள். ஹெர்ஜேயின் பின்னணியில் ஜன்னல் கம்பி, கார் மாடல், துறைமுகத்து பாரந்தூக்கி எல்லாம் அச்சு அசலாக இருக்கும். அப்படியும் யாரும் அங்கே சிக்கிக்கொள்வதில்லை. எல்லாக் கோடும் ஒரே தடிமன், நிழலுக்காகக் குறுக்குக் கீறல் கிடையாது, ஒவ்வொரு உருவமும் மூடிய வெளிக்கோட்டுக்குள் தட்டையான ஒரே வண்ணம். உருவம் எங்கே முடிகிறது, பின்னணி எங்கே தொடங்குகிறது என்று கண் யோசிக்கவே வேண்டாம். இந்தப் பாணிக்குத் ‘தெளிகோடு’ என்ற பெயரை டச்சு ஓவியர் யூஸ்ட் ஸ்வார்ட்டே வைத்தது 1977இல், வரைதல் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே தொடங்கியாயிற்று.

லக்கி லூக்கில் மோரிஸ் வேறு வழியில் அதையே செய்தார். கூட்டத்தை மொத்தமாக ஒரே நீலத்திலோ ஆரஞ்சிலோ நிரப்பிவிடுவார். இருபது பேர் ஒரே நிறத்தில் நின்றால் அது இருபது முகம் இல்லை, ஒரு பொருள். நடுவில் லக்கி லூக்கின் மஞ்சள் சட்டை மட்டும் தன் நிறத்தில் நிற்கும். கண் நேராக அங்கே போகும். வண்ணம் அலங்காரத்துக்கு என்று நினைப்பவர்கள் ஒரு லக்கி லூக் பக்கத்தைக் கறுப்பு-வெள்ளையில் நகலெடுத்துப் பார்க்கட்டும். கூட்டக் காட்சி வந்ததும் வேகம் விழுந்துவிடும்.

ஆக எண்ணிக்கை அல்ல விஷயம், படிநிலை. எது முதலில் கண்ணில் பட வேண்டும், எது இரண்டாவது, எது பட்டாலும் படாவிட்டாலும் பரவாயில்லை. வான்ஸ் முகத்துக்கும் சுவருக்கும் ஏறக்குறைய சம கவனம் கொடுத்து வரைகிறார். துப்பாக்கியின் மாடல், கார், சீருடை எல்லாம் சாட்சியம் போல இருக்கும், பார்க்காமல் போக மனம் வராது. டெக்ஸில் பின்னணி இரண்டு பாறை, ஒரு கறுப்புத் திட்டு, மேலே வெறும் வானம்.

5 பிப்ரவரி, காலை 6.40

படிநிலை பற்றிச் சொன்னதும் நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ஒன்று விட்டுப்போயிற்று. மாயாவி.

1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே இரும்புக்கை மாயாவியோடுதான். மூலம் இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வார இதழ், 1962 அக்டோபரில் தொடக்கம், ஓவியம் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியான லூயிஸ் கிராண்டேல் மறைந்துவிடுவார், வலது இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். உடம்பே வரைய வேண்டாம், ஓவியருக்குப் பாதி வேலை மிச்சம் என்று தோன்றும். உண்மையில் வேலை இரட்டிப்பு.

ஏன் என்று ஒரு கட்டத்தை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். நாயகனுக்கு முகம் இல்லை, ஆகவே பாவனை இல்லை. நிற்கும் தோரணை இல்லை. கையின் உயரத்தை வைத்தே அவர் நிற்கிறாரா, குனிந்திருக்கிறாரா, ஏணியில் இருக்கிறாரா என்று வாசகன் ஊகிக்க வேண்டும். அதனால் கை சும்மா மிதக்கக் கூடாது. கதவுப் பிடி, தொலைபேசி, ஒருவன் கழுத்து என்று எதையாவது பற்றியிருந்தால் மீதி உடம்பைக் கண் தானாகப் பொருத்திக்கொள்ளும். இரண்டாவது, கையைச் சுற்றிக் கொஞ்சம் வெற்றிடம் வேண்டும். கீறல் நிறைந்த சுவருக்கு முன்னால் கையை வைத்தால் தேட வேண்டிவரும், சிலிர்ப்பு போய்விடும். மூன்றாவது, மற்றவர்களின் பார்வை. அறையில் இருக்கும் நான்கு பேரும் கை இருக்கும் திசையைப் பார்த்தால் வாசகன் அரை நொடியில் அங்கே போவான். யாருமே பார்க்கவில்லை என்றால் வாசகன் மெதுவாகத்தான் கண்டுபிடிப்பான், கண்டதும் திடுக்கிடுவான். எந்தக் கட்டத்தில் எது வேண்டும் என்று ஓவியர் முடிவு செய்கிறார். வேகத்தைப் படத்துக்குள்ளேயே திருகுவது என்றால் இதுதான்.

5 பிப்ரவரி, இரவு 9.15

மாயாவியைத் தொட்டதால் வெளியீட்டு முறை பற்றியும் சொல்லிவிடுகிறேன். வார இதழில் தொடர் வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கம்தான். ஒவ்வொரு பகுதியும் போன வாரம் என்ன என்று ஒரு கட்டத்தில் சொல்லித் தொடங்கும், ஆபத்தில் முடியும். அதைச் சேர்த்துப் புத்தகமாக வாசித்தால் இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒரு கண்டம், அடுத்த கட்டத்திலேயே தப்பித்தல். சிறுவயதில் மூச்சு வாங்கியதன் ரகசியம் இதுதான், இப்போது வாசித்தால் சிலருக்கு அலுப்பதன் காரணமும் இதுவே. பெரிய பக்கத்தைச் சிறு சைஸ் புத்தகத்துக்குக் கட்டம் கட்டமாக மாற்றி அடுக்கும்போது அந்தக் கண்டம் பக்க நடுவில் போய் விழவும் கூடும்.

டின்டின்னிலும் இதைக் காணலாம். ஆரம்பத்தில் ஹெர்ஜே வாரம் இரண்டு பக்கம் கொடுத்துவந்தார். போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில், 1941 செப்டம்பரிலிருந்து, ‘லெ ஸ்வார்’ நாளிதழில் தினம் ஒரு வரிசை என்று சுருங்கியது. தினமும் ஒரு சிரிப்போ ஒரு கேள்வியோ வைத்தே ஆக வேண்டும். அந்தக் காலக் கதைகளை ஆல்பமாக (முழுப் புத்தகமாக) எடுத்தால் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று நான்கு சிறு கொக்கிகள் இருக்கும். நம் தினத்தந்தி கன்னித்தீவு வாசகர்களுக்கு இந்தத் தாளம் நன்றாகப் பழக்கம்.

6 பிப்ரவரி, காலை 8.00 (கேள்வி கேட்டவர்)

பக்கம் புரட்டும்போது திடுக்கிட வைப்பார்களே, அது ஓவியர் திட்டமிட்டதா, தற்செயலா?

6 பிப்ரவரி, இரவு 10.45

திட்டமிட்டது. அச்சில் அதைக் கெடுப்பது ரொம்பச் சுலபம். இதை விரிவாகச் சொல்ல வேண்டும், மறுபதிப்பு போடுபவர்கள் இந்த இழையைப் பார்ப்பதால்.

இடமிருந்து வலமாக வாசிக்கும் புத்தகத்தில் ஒற்றைப்படைப் பக்கம் எப்போதும் வலது கையில். வாசகன் புரட்டுவது அதன் கடைசிக் கட்டத்தை முடித்தபின். அதனால் கேள்வி ஒற்றைப்படைப் பக்கத்தின் கீழ் வலது மூலையில், பதில் அடுத்த இரட்டைப்படைப் பக்கத்தின் மேல் இடது மூலையில். கதவு திறக்கும் கை கீழே, உள்ளே இருக்கும் பிணம் புரட்டியபின். இரட்டைப்படைப் பக்கத்தின் முடிவில் அதே கேள்வியை வைத்தால் பதில் எதிர்ப்பக்கத்தில் திறந்தே கிடக்கும். வாசகன் பக்கத்தைத் திறந்ததுமே ஓரக்கண்ணால் அதைப் பார்த்துவிடுவான்.

பிரெஞ்சு-பெல்ஜிய 48 பக்க ஆல்பத்தில் கதை பொதுவாக 3ஆம் பக்கத்தில் தொடங்கி 48இல் முடியும், 46 பக்கம். தொடக்கம் ஒற்றைப்படை. தமிழ்ப் பதிப்பில் முன்னால் ஆசிரியர் பக்கம், வாசகர் கடிதம், அடுத்த வெளியீடு விளம்பரம் என்று மூன்று பக்கம் போட்டுக் கதையை 4இல் தொடங்கினால், அந்தக் கதையில் இருக்கும் ஒவ்வொரு திடுக்கிடலும் ஒரு பக்கம் தள்ளிப்போய் எதிரும் புதிருமாக விழும். ஒரே ஒரு பக்கம்தான் வித்தியாசம், ஆனால் கதை ‘என்னமோ சப்பென்று இருக்கிறது’ என்று கடிதம் வரும். யாருக்கும் காரணம் தெரியாது.

சரிபார்க்க வழி: மூலத்தில் கதையின் முதல் பக்க எண்ணைப் பாருங்கள். ஒற்றையென்றால் தமிழிலும் ஒற்றையில் தொடங்க வேண்டும், இரட்டையென்றால் இரட்டை. ஒரு பக்கம் மிஞ்சினால் விளம்பரத்தை முன்னாலிருந்து பின்னால் தள்ளுங்கள். இரண்டு கதை சேர்த்துப் போடும்போது முதல் கதை 44 அல்லது 46 பக்கம் என்றால் இரண்டாவது தானாகச் சரியாக அமையும். நடுவில் ஒரு பக்கக் கட்டுரை செருகினால்தான் இரண்டாவது கதை முழுக்கத் தள்ளிப்போகும். செருகியே ஆக வேண்டுமென்றால் இரண்டு பக்கமாகச் செருகுங்கள். இரட்டைப் பக்கப் பெரிய சித்திரம் உள்ள கதையில் இது இன்னும் கட்டாயம். தள்ளினால் பாதிப் படம் ஒரு தாளின் முன்புறமும் மீதி பின்புறமும் போய்விடும்.

7 பிப்ரவரி, காலை 7.20

நேரத்தை நீட்டுவதற்கு ஒரு பாடம் வேண்டுமானால் பெர்னார்ட் கிரிக்ஸ்டீன் வரைந்த ‘மாஸ்டர் ரேஸ்’. 1955, அமெரிக்காவின் இசி காமிக்ஸ் நிறுவனத்தின் ‘இம்பாக்ட்’ முதல் இதழ். நியூயார்க் சுரங்க ரயிலில் பழைய நாஜி முகாம் அதிகாரி ஒருவன் தன்னை அடையாளம் கண்டுகொண்டவனிடமிருந்து ஓடுகிறான். ஆறு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்ததை எட்டாக்க அனுமதி வாங்கினார். இசியில் எழுத்து முதலில், படம் பிறகு. பலூனும் (பேச்சு எழுதும் குமிழ்) பெட்டியும் ஏற்கெனவே எழுதப்பட்ட தாளில்தான் ஓவியர் வரைய வேண்டும். அவர் அந்தத் தாள்களை வெட்டி, இடம் மாற்றி ஒட்டி, நடுவில் புதுக் கட்டங்களுக்கு இடம் எடுத்தார். வசனம் கூடவில்லை, கட்டம் கூடியது. கூடியதெல்லாம் பேச்சில்லாத குறுகிய செங்குத்துக் கட்டங்கள். அந்த அதிகாரி விழும் ஒரு கணத்தைச் சீவிச் சீவி வைத்திருப்பார். ரயில் கடக்கும்போது ஜன்னலோரப் பயணியின் உருவம் ஒரே கட்டத்துக்குள் பலமுறை அடுக்கி நிற்கும்.

கவனியுங்கள், குறுகிய கட்டம் தனியாக வேகம் தருவதில்லை. எழுத்தில்லாத ஐந்து குறுகிய கட்டத்தில் ஒரே செயல் ஓடினால் கதை நேரம் நீள்கிறது, வாசிப்பு நேரம் குறைகிறது. அதே ஐந்தில் ஆளுக்கொரு பலூன் போட்டால் இரண்டுமே நொண்டும்.

7 பிப்ரவரி, மதியம் 2.10

எல்லாக் கட்டமும் ஒரே அளவு என்றால் அலுக்காதா என்று தனிமடலில் ஒருவர். ‘வாட்ச்மென்’ (அமெரிக்க காமிக்ஸ், 1986-87, 12 இதழ்) மூன்றுக்கு மூன்று, ஒன்பது கட்டம், பக்கம் பக்கமாக. ஓவியர் டேவ் கிப்பன்ஸ் அந்தச் சட்டத்தை அசைக்காமல் வைத்திருப்பதால்தான், எப்போதாவது மூன்று கட்டத்தை ஒன்றாக்கும்போது அது ஓங்கி ஒலிக்கிறது. தாளம் நிலையாக இருந்தால்தான் இடைவெளி கேட்கும். கட்டத்துக்குக் கட்டம் அளவு மாறும் பக்கத்தில் பெரிய கட்டமும் இன்னொரு கட்டம்தான்.

8 பிப்ரவரி, இரவு 9.30

எழுத்து. இதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன், தமிழில் வாசிக்கும் நமக்கு முதலில் வர வேண்டியது இதுதான்.

அமெரிக்க எடிட்டர்களிடம் புழங்கும் பழைய கணக்கு: ஆறு கட்டப் பக்கம், ஒரு கட்டத்துக்கு 35 சொல், ஒரு பலூனுக்கு 25 சொல். தமிழுக்கு இது பொருந்தாது. நம் சொல்லில் விகுதி, வேற்றுமை எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும், சொல் எண்ணிக்கை குறைவு, நீளம் அதிகம். ஒரு பலூனுக்கு 12லிருந்து 15 சொல், வரிக்கு மூன்று சொல், நான்கைந்து வரி என்பது தாங்கும். அதற்கு மேல் போனால் படம் துணைக்கு நிற்கும் நிலைக்கு வந்துவிடும்.

ஆங்கிலப் பலூன் முழுக்கப் பெரிய எழுத்து (கேபிடல்), மேலேயும் கீழேயும் நீட்டம் இல்லை, வரிகளை நெருக்கி அடுக்கலாம். தமிழில் மேலே புள்ளியும் இகரச் சுழியும், கீழே ‘கு’, ‘ழு’, ‘ரூ’ இறங்கும். நெருக்கினால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் கொம்பும் இடிக்கும், கண் வரி தவறும். ஆங்கிலத்தில் ஐந்து வரி இருந்த பலூனில் தமிழ் நான்குதான். அந்த ஒரு வரியை எழுத்தின் அளவைக் குறைத்து நுழைப்பதைவிட வசனத்தில் வெட்டுவது மேல். படத்தில் தெரிவதை வசனம் திரும்பச் சொல்லும் இடங்களை முதலில் வெட்டுங்கள். ‘இதோ, கதவைத் திறக்கிறேன்’ என்று கதவைத் திறப்பவன் சொல்ல வேண்டியதில்லை. தடித்த எழுத்து போட்டுச் சொல்லை அழுத்துவதும் சிறிய அளவில் வேண்டாம், ‘ண’, ‘ஸ’ உள்ளே அடைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, பலூன் வரிசை. இடப்பக்கம் நிற்பவன் முதலில் பேச வேண்டும். மூலத்தில் அப்படித்தான் வரைந்திருப்பார்கள். மொழிபெயர்ப்பில் இரண்டு பலூனை ஒன்றாக்கினாலோ, பதிலை முன்னால் கொண்டுவந்தாலோ, முகபாவமும் பேச்சும் பிரிந்துவிடும். கோபித்துக்கொண்டு நிற்பவன் வாயில் சமாதானம் வரும்.

இரத்தப் படலத்தில் நீங்கள் நின்றுபோன பக்கங்களை எடுத்துப் பலூன்களை எண்ணிப் பாருங்கள். அலுவலகக் காட்சி என்றால் பக்கத்துக்குப் பதினைந்தைத் தாண்டுவது சகஜம்.

9 பிப்ரவரி, காலை 6.55 (இன்னொரு நண்பர்)

மங்காவை விட்டுவிட்டீர்களே!

9 பிப்ரவரி, இரவு 10.20

மங்காவில், அதாவது ஜப்பானிய காமிக்ஸில், புரட்டும் திசை தலைகீழ், ஆகவே கேள்வி இடப்பக்கக் கீழ் மூலையில் இருக்கும். கட்டங்களுக்கு நடுவே உள்ள சந்து, அதாவது இடைவெளி, அதையும் பாருங்கள். அடுத்தடுத்த கட்டத்துக்கு நடுவில் சந்து குறுகல், வரிசைக்கும் வரிசைக்கும் நடுவில் அகலம். முதலில் பக்கவாட்டில் போ, அப்புறம் கீழே இறங்கு என்று அம்புக்குறி இல்லாமலே சொல்லிவிடுகிறது. கட்டத்தைச் சாய்த்து வெட்டினாலும் வாசகன் வழி தவறாதது இதனால்தான். நம் ஊரில் வரைபவர்கள் நாலா பக்கமும் ஒரே சந்து விடுகிறார்கள், அப்புறம் அம்புக்குறி போடுகிறார்கள். சந்தின் அகலத்தை மாற்றுங்கள், அம்புக்குறி தேவைப்படாது.

மங்காவைத் தமிழாக்குவதில் பலூன்தான் பெரும்பாடு. ஜப்பானியம் மேலிருந்து கீழாக ஓடுவதால் பலூன் ஒல்லியாக உயர்ந்திருக்கும். நம் நீளச் சொல் ஒன்று அகலத்தில் அடங்காது, நடுவில் உடைக்கவும் மனம் வராது. அங்கே குறுஞ்சொல்லாகத் தேடி எழுதுபவரே பிழைப்பார்.

10 பிப்ரவரி, இரவு 9.40 (கேள்வி கேட்டவர்)

எண்ணினேன். டெக்ஸில் துரத்தல் வரும் பத்துப் பக்கத்தில் மொத்தம் 31 பலூன். இரத்தப் படலத்தில் இரண்டே பக்கத்தில் 34. இதையெல்லாம் செல்போனில் வாசித்தால் என்ன ஆகும்?

10 பிப்ரவரி, இரவு 11.30

அந்த 34ஐயும் பாதிக்குப் பாதி வெட்ட முடியாது, புலனாய்வுக் கதைக்கு அத்தனையும் தடயம். நின்று வாசிக்க வேண்டிய பக்கம் அது, நின்றே வாசியுங்கள்.

செல்போனில் டெக்ஸ் தப்பித்துக்கொள்ளும். கட்டங்கள் ஏறக்குறைய சம அளவு, ஒவ்வொன்றாகத் திரையில் நிறுத்தினாலும் கதை சேதமாகாது. வாட்ச்மென் ஐந்தாம் இதழ் தப்பாது. அதன் பக்கங்கள் நடுவிலுள்ள 14-15இலிருந்து இரு பக்கமும் கண்ணாடி பிம்பமாக அடுக்கியவை, கட்டம் கட்டமாகப் பார்ப்பவனுக்கு அது இருப்பதே தெரியாது. வான்ஸின் பக்கத்தில் வேறு கஷ்டம்: அகலக் கட்டமும் ஒல்லிக் கட்டமும் திரையில் ஒரே அகலத்துக்கு வந்து நிற்கும், சிறிய கட்டம் பெரிதாகிப் பெரியது சிறிதாகிவிடும்.

செல்போனுக்கென்றே வரையும் வெப்டூனில் பக்கமே கிடையாது. 800 பிக்சல் அகலம், கீழே கீழே ஓடும். அங்கே வெற்றிடத்தின் உயரம்தான் நேரம். பேச்சு தொடரும்போது கட்டங்களுக்கு நடுவே 200 பிக்சல், இடம் மாறும்போது 600லிருந்து 1000 வரை விட்டுப் பாருங்கள், விரல் தானாக மெதுவாகும். திடுக்கிடல் வேண்டுமென்றால் அதற்கு முன் திரை முழுக்க வெறுமையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பதிலின் மேல் விளிம்பு கேள்வியோடு சேர்ந்தே தெரிந்துவிடும். வரைந்து முடித்ததும் கம்ப்யூட்டரில் பார்க்காதீர்கள், செல்போனில் ஏற்றி ஒரே விரலால் தள்ளிப் பாருங்கள். விரல் எங்கே தயங்குகிறது, எங்கே தாண்டி ஓடுகிறது என்று குறித்துவைத்து, இடைவெளியை அந்த இடங்களில் மட்டும் மாற்றுங்கள்.